கென்யாவில் நிலம் வாங்கும் வெளிநாட்டவருக்கு: 99 வருடக் கணக்கு

"முழு உரிமை, தலைமுறைக்கும் உங்களுக்குத்தான்" என்று தரகர் சொன்னதை நம்பி மொம்பாசா பக்கம் மனை வாங்கிய ஒருவர் என்னிடம் பத்திரத்தை நீட்டினார். கென்யாவில் வெளிநாட்டவருக்கு அப்படியோர் உரிமையே கிடையாது. 2010 அரசியல் சாசனத்தின் 65-ஆவது பிரிவுப்படி அதிகபட்சம் 99 ஆண்டுக் குத்தகைதான். பத்திரத்தில் அதற்கு மேல் என்ன எழுதியிருந்தாலும் செல்லாது. பழைய குத்தகையை வாங்குகிறவர் விலை பேசும் முன் மிச்சம் எத்தனை வருடம் என்று கேளுங்கள்.

அடுத்து வருவது "கம்பெனி பெயரில் வாங்கிக்கலாம் சார்". கம்பெனியின் பங்கு முழுக்கக் கென்யக் குடிமக்களிடம் இருந்தால்தான் அது கென்யக் கம்பெனி. உங்களுக்கு ஒரே ஒரு பங்கு இருந்தாலும் கதை முடிந்தது, கம்பெனியும் வெளிநாட்டவர் கணக்கில்தான் வரும். உள்ளூர் நண்பர் பெயரில் வாங்கினாலோ, சட்டப்படி நிலம் நண்பருடையது. மனஸ்தாபம் வரும் வரை இது உறைக்காது.

விவசாய நிலம்தான் பெரிய குழி. மலிவாகக் கிடைக்கும், ஏக்கர் கணக்கில் காட்டுவார்கள். அதைக் கைமாற்ற நிலக் கட்டுப்பாட்டு வாரியத்தின் ஒப்புதல் வேண்டும்; வெளிநாட்டவருக்கு வாரியம் அதைத் தரக்கூடாது என்பதே சட்டம். "அடுத்த கூட்டத்தில் ஆகிடும்" என்று மாதக்கணக்கில் அலைய விடுவார்கள். ஒப்புதல் இல்லாத ஒப்பந்தம் செல்லாது. கொடுத்த பணத்தைக் கடன்பாக்கி போல வசூலிக்க வழக்குப் போடலாம், அவ்வளவுதான்.

வில்லங்கம் பார்த்தேன், சுத்தம் என்று நிம்மதியாக இருக்காதீர்கள். மொம்பாசா நியாலியில் ஒரு கடற்கரை நிலத்தை, பதிவான பத்திரத்தைப் பார்த்துத்தான் ஒரு கம்பெனி வாங்கியது. முதன்முதலில் அரசு ஒதுக்கியதே முறைகேடு என்று 2023-ல் உச்ச நீதிமன்றம் உரிமையை மறுத்துவிட்டது. ஆகவே முதல் ஒதுக்கீடு வரை பின்னோக்கிப் போய்ப் பாருங்கள். நிலப் பதிவுகளைப் பார்க்க நைரோபியில் 2021 முதல் 'அர்திசாசா' என்ற அரசு இணையதளம் இருக்கிறது. காகிதக் கோப்பையே நம்பியிருக்கும் அலுவலகத்தில் "கோப்பு காணோம்" என்பார்கள். அது கிடைக்கும் வரை ஒரு ஷில்லிங்கும் தராதீர்கள்.

முத்திரைத் தீர்வை நகரத்தில் 4 சதவீதம், கிராமப்புறத்தில் 2. விலையைக் குறைத்து எழுதிப் பயனில்லை, அரசு மதிப்பீட்டாளர் போடுவதுதான் கணக்கு.

முன்பணத்தை விற்பவர் கையில் கொடுக்காமல் வக்கீல் கணக்கில் போடுங்கள். விற்பவருக்கும் உங்களுக்கும் ஒரே வக்கீல் என்றால் அன்றைக்கே எழுந்து வந்துவிடுங்கள்.