அண்டார்டிகா புறப்படும் முன் பல்லைக் காட்டிவிடுங்கள்

திருநெல்வேலி அருகேயுள்ள கிருஷ்ணாபுரம் என்றதும் நம்மில் பலருக்கு வெங்கடாசலபதி கோயில் சிற்பங்கள்தான் நினைவுக்கு வரும். அதே ஊரில் இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தின் ஆய்வுக்கூடமும் இருக்கிறது. பூமியின் காந்தப்புலம் தரைக்கு இணையாக அமையும் கோடான புவிகாந்த நடுக்கோடு தென்தமிழகத்தை ஒட்டிச் செல்வதால் இங்கே அமைந்தது அது. அந்த நிறுவனமே அண்டார்டிகாவில் இந்தியா நடத்தும் மைத்ரி ஆய்வு நிலையத்திலும் காந்த அளவீடுகளை எடுத்துவருகிறது என்பதால், நம் பக்கத்துப் பிள்ளைகள் பனிக்கண்டத்துக்குப் போவது அரிய செய்தி அன்று. பாளையங்கோட்டையில் பல் மருத்துவம் பார்க்கும் நான், அப்படிப் புறப்பட்ட சிலரைச் சோதித்த அனுபவத்தில் இதை எழுதுகிறேன்.

மைத்ரி 1989-ஆம் ஆண்டு முதல் இயங்கிவருகிறது. கடற்கரையிலிருந்து சுமார் 100 கி.மீ. உள்ளே, பாறைத் தரையில் நிற்கிறது. அங்கே கோடைக்காலமான நவம்பர் முதல் பிப்ரவரி வரை விமானமும் கப்பலும் வந்துபோகும். அதன்பின் குளிர்காலக் குழுவினர் மட்டும் தங்குவார்கள். அடுத்த கோடை வரை யாரையும் வெளியே கொண்டுவருவது ஏறத்தாழ இயலாத காரியம். நடுக்குளிரில் இரண்டு மாத அளவுக்குச் சூரியன் உதிப்பதே இல்லை. நிலையத்தில் மருத்துவர் உண்டு. ஆனால் பல்லுக்கென்று தனி மருத்துவர் கிடையாது. மைத்ரிக்குச் சில கி.மீ. தொலைவிலுள்ள ரஷ்ய நிலையமான நோவோலாசரெவ்ஸ்கயாவில், 1961 ஏப்ரலில், லியோனித் ரோகசோவ் என்ற மருத்துவர் தம் குடல்வாலைத் தாமே அறுத்து எடுத்தார். அங்கே வேறு மருத்துவர் இல்லை. பனிப்புயலில் விமானமும் வர வழியில்லை.

அண்டார்டிகா செல்வோருக்குத் தில்லியில் நடக்கும் மருத்துவப் பரிசோதனைக்கு முன் ஓர் இளைஞர் தம் தாயாருடன் வந்திருந்தார். வலி ஏதும் இல்லை என்றார். கீழ்த்தாடையின் ஞானப்பல் பாதி மட்டும் வெளியே தெரிய, மீதியை ஈறு மூடியிருந்தது. அந்த ஈற்று மடலைக் கருவியால் மெல்லத் தூக்கியதும், அடியில் பழைய உணவுத் துணுக்கும், அழுத்தினால் கசியும் சீழும் இருந்தன. “ஐயா, வலிச்சா மாத்திரை போட்டுச் சமாளிச்சுக்கிடலாம்லா?” என்று தாயார் கேட்டார். மாத்திரை கிருமியைக் கொஞ்ச நாள் அடக்கும். அழுக்கு சேரும் இடம் அப்படியே இருக்கும். மறுபடி வீங்கினால் வாய் திறக்காது. தொண்டைப் பக்கம் பரவினால் மூச்சுக்கே ஆபத்து. வலி இல்லாத பல் எல்லாம் நல்ல பல் என்று நம்பிவிடக் கூடாது என்பதை நான் அழுத்திச் சொல்வது இதனால்தான்.

துருவக் காற்று பல்லுக்குத் தனியாகவும் கேடு செய்யும். சொத்தைக் குழியை நிரப்பும் வெள்ளி நிற அமால்கம் (பாதரசக் கலவை) அடைப்பு, குளிரில் பல்லைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு சுருங்கும். விளிம்பு ஏற்கெனவே விட்டுப்போன அடைப்பு இதைத் தாங்குவது கடினம். அங்கே காற்று மிகவும் வறண்டது. தண்ணீர் குடிப்பது குறைந்து, இனிப்புத் தேநீர் கூடும்போது, காய்ந்த வாயில் சொத்தை வேகமாகப் பரவும். இருட்டு மாதங்களில் தூக்கம் கெடுவது வழக்கம். மன அழுத்தமும் சேர்ந்தால் சிலர் உறக்கத்தில் பல்லைக் கடிப்பார்கள். பலவீனமான பல் அப்போதுதான் பிளக்கும்.

ஆகவே, பெயர் கொடுக்கும்போதே பல் மருத்துவரிடம் வந்துவிடுங்கள். ஞானப்பல்லை எடுக்க வேண்டியிருந்தால் குழி ஆற வாரங்கள் ஆகும். எலும்பு நிரம்ப மாதங்கள் ஆகும். வேர் சிகிச்சை (ரூட் கெனால்) செய்த பல்லுக்கு உறை போடாமல் புறப்படாதீர்கள். தேர்வில் கழித்துவிடுவார்களோ என்று அஞ்சி பழைய வீக்கத்தை மறைப்பவர்களும் உண்டு. தயவுசெய்து மறைக்க வேண்டாம், இங்கே அதற்கு நேரத்தோடு சிகிச்சை செய்துவிடலாம். முழுத்தாடை எக்ஸ்ரேயின் பிரதியையும், எந்தப் பல்லில் என்ன செய்யப்பட்டது என்ற குறிப்பையும் நிலைய மருத்துவரிடம் கொடுத்துவிட்டால், குளிர்காலத்தின் நடுவில் அவர் உங்கள் வாயைத் திறந்து பார்க்க நேர்ந்தால் தொடங்கும் இடம் அவருக்குத் தெரிந்திருக்கும்.