குழந்தைக்கு மலத்தில் ரத்தம் போனால் அது மூலம் இல்லை

நாலு வயதுக் குழந்தை. மாதக்கணக்கில் மலத்தோடு ரத்தம் போயிருக்கிறது. வீட்டில் ‘மூலச்சூடு’ என்று முடிவு செய்து துத்திக்கீரை, மோர், மருந்துக்கடையில் சொல்லி வாங்கிய களிம்பு என்று ஓட்டியிருக்கிறார்கள். என்னிடம் வந்தபோது ஹீமோகுளோபின் 6, கடுமையான ரத்தசோகை. ஆசனவாயில் சுண்டுவிரலை விட்டுப் பார்த்த உடனே பாலிப், அதாவது குடலின் உள்சுவரில் வளரும் சின்னச் சதைக்கட்டி, தட்டுப்பட்டது. இப்படி வரும் குழந்தைகள் குறையவே மாட்டேன் என்கிறார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

பெரியவர்களுக்கு வரும் மூலம் குழந்தைகளுக்கு மிக மிக அரிது. தாத்தாவுக்கு இருந்ததால் பேரனுக்கும் வந்துவிடாது. காரம் தின்றதாலோ வெயிலில் விளையாடியதாலோ உடம்பு சூடாகி ரத்தம் கொட்டாது. ஒரு குழந்தைக்கு உண்மையிலேயே மூலம் இருந்தால், கல்லீரலுக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று நாங்கள் தேட ஆரம்பிப்போம். அவ்வளவு அபூர்வம். ‘சதை வெளியே தள்ளுது டாக்டர், மூலம்தானே?’ என்பார்கள். செர்ரிப் பழம் போலச் சிவப்பாக வெளியே வந்து உள்ளே போவது பெரும்பாலும் பாலிப். சில குழந்தைகளுக்குக் குடலே இறங்கியிருக்கும். தயவுசெய்து, மூலம் பௌத்திரம் என்று பலகை மாட்டிய இடத்தில் அதைக் கட்டவோ ஊசி போடவோ விடாதீர்கள்.

பாலிப் பொதுவாக 2 முதல் 10 வயதுக்குள் வரும். வலி இருக்காது, மலம் போய் முடிகையில் பளிச்சென்ற ரத்தம். மயக்கம் கொடுத்து, கொலனோஸ்கோப்பி (ஆசனவாய் வழியாகக் கேமரா குழாயை விட்டுப் பெருங்குடலைப் பார்ப்பது) வழியாகக் கம்பி வளையம் போட்டு எடுத்துவிடலாம். வயிற்றைக் கிழிக்க வேண்டியதில்லை. ஒற்றைப் பாலிப் என்றால் புற்றுநோய் பயமும் வேண்டாம். நிறைய இருந்தால் மட்டும் தொடர்ந்து கவனிக்க வேண்டும்.

மலம் கெட்டியாகி, அழுதுகொண்டே போய், மேலே கோடு போல ரத்தம் ஒட்டியிருந்தால் ஆசனவாயில் வெடிப்பு. அதற்கு வைத்தியம் களிம்பு மட்டுமல்ல, மலச்சிக்கலைச் சரிசெய்வது. மலமிளக்கி ‘பழகிவிடும்’ என்று நாலே நாளில் நிறுத்திவிடுகிறார்கள். மறுபடி வெடிக்கும். மாதக்கணக்கில் கொடுக்கச் சொன்னால் கொடுங்கள்.

என்னை உண்மையில் பயமுறுத்துவது குடல் செருகல், அதாவது குடலின் ஒரு பகுதி அடுத்த பகுதிக்குள் நுழைந்துகொள்வது. 3 மாதம் முதல் 2 வயது வரை அதிகம். வீறிட்டு அழுது காலை மடக்கும், அப்புறம் அடங்கிச் சோர்ந்து கிடக்கும், மறுபடி அழும். வாந்தி வரும். சளியும் ரத்தமும் கலந்து மலம் போகும்போது ஏற்கெனவே நேரம் கடந்திருக்கும். ‘குடலேற்றம்’, ‘உரம் விழுந்திருக்கு’ என்று எண்ணெய் தடவி வயிற்றை வழிக்கக் கூட்டிப்போகும் நேரத்தில் உள்ளே குடல் அழுகிக்கொண்டிருக்கும். அல்ட்ராசவுண்டு ஸ்கேனில் தெரிந்துவிடும். சீக்கிரம் வந்தால் ஆசனவாய் வழியாகக் காற்றையோ உப்பு நீரையோ செலுத்தி, பெரும்பாலும் ஆபரேஷன் இல்லாமலே சரிசெய்யலாம்.

சக மருத்துவர்களுக்கும் ஒன்று: ஆசனவாயைப் பார்க்காமல் இரும்புச்சத்து டானிக் எழுதாதீர்கள். வலியே இல்லாமல் ஏராளமாக ரத்தம் போகும் சின்னக் குழந்தைக்கு ஸ்கேனும் கொலனோஸ்கோப்பியும் நார்மல் என்று விட்டுவிடவும் வேண்டாம். மெக்கல் பை (சிலருக்குப் பிறவியிலேயே சிறுகுடலில் இருக்கும் சின்னப் பை) இருக்கிறதா என்று அதற்கான நியூக்ளியர் ஸ்கேன் எடுங்கள்.

நன்றாக எடை ஏறும் கைக்குழந்தைக்கு இழையிழையாக ரத்தம் வந்தால் மாட்டுப்பால் புரத ஒவ்வாமையாக இருக்கலாம். அதற்காகத் தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். பெரும்பாலும் அம்மா தன் சாப்பாட்டில் பால் பொருட்களைத் தவிர்த்தாலே போதும். காய்ச்சலோடு ரத்தபேதி என்றால் பேதியை நிறுத்தும் மாத்திரை கொடுக்கவே கூடாது.

வரும்போது மலத்தைப் போனில் படம் எடுத்து வாருங்கள், டயப்பரை அப்படியே கொண்டுவந்தாலும் சரி. பீட்ரூட் கொடுத்தீர்களா என்று யோசித்துப் பாருங்கள், அதனாலும் மலம் சிவக்கும். ஆனால் பச்சை வாந்தி, வயிறு உப்பல், துவண்டு கிடப்பது, முகம் வெளிறிப்போவது, தார் போலக் கறுப்பு மலம், நிறைய ரத்தம், பிறந்து சில வாரமே ஆன குழந்தை: இதில் ஒன்று இருந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். குழந்தைகளுக்கு ஆபரேஷன் செய்யும் வசதி உள்ள மருத்துவமனைக்கு அந்த ராத்திரியே கிளம்புங்கள்.