சேனல் என்பதற்கு வாய்க்கால் இருக்கிறது

கேமராவோடு எந்த ஊருக்குள் நுழைந்தாலும் முதலில் வரும் கேள்வி ஒன்றுதான்: "எந்தச் சேனலு?" காவேரிப்பாக்கம் ஏரிக்கரையில் ஒரு குறும்படத்துக்காகக் காலை வெளிச்சத்துக்குக் காத்திருந்தபோது, சைக்கிளில் போன பெரியவர் ஒருவரும் காலை ஊன்றி நின்று அதையே கேட்டார். "டிவி இல்லீங்க ஐயா, நாங்களே எடுத்து நாங்களே யூடியூப்ல போடுறோம்" என்றேன். சரி சரி என்று தலையை ஆட்டினார். அப்புறம் பேச்சு ஏரியின் பக்கம் திரும்பியது. தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்டதற்கு மேற்கே கையை நீட்டினார். "வாலாஜா பக்கம் பாலாத்துல அணைக்கட்டு கீதே, அங்கிருந்து சேனல்ல வருது. சேனல தூர் வாரலன்னா ஏரிக்கு இன்னா வரும்?"

பத்து நிமிடத்துக்குள் ஒரே மனிதர் ஒரே சொல்லை இரண்டு பொருளில் சொன்னார். இரண்டுமே அவருக்குத் தடையில்லாமல் வந்தன. இந்தச் சொல்லைப் பற்றி எழுதியே ஆகவேண்டும் என்று எனக்குத் தோன்றியது அன்றைக்குத்தான்.

ஏரிப் பாசனத்தில் 'சேனல்' பொறியாளர்கள் மூலம் வந்த சொல். எழுத்தில் 'வரத்துக்கால்வாய்' என்று இருப்பதை அவர்கள் வாய்ப்பேச்சில் 'சப்ளை சேனல்' என்பார்கள். கேட்டுக் கேட்டு விவசாயிகளிடமும் அது ஒட்டிக்கொண்டது. வேலூர் இரும்புக் கடைகளில் 'ஆங்கிள்', 'சேனல்' என்று இரும்பின் வடிவத்தைச் சொல்லிக் கேட்பார்கள். சேனல் என்றால் நடுவில் பள்ளமும் இரு பக்கம் கரையும் உள்ள கம்பி. தச்சரிடம் கேட்டால் மேசை இழுப்பறை வழுக்கி ஓடும் தடம்தான் சேனல். பள்ளம், அதன் வழியே ஏதோ ஒன்று ஓடுவது: எல்லாவற்றிலும் இதுதான் அடிப்படை.

சொல்லின் வேரும் அதையே சொல்கிறது. லத்தீனில் 'கன்னா' என்றால் நாணல். கிரேக்கம் வழியாக, அதற்கும் முன்னால் மேற்காசியாவின் செமிட்டிய மொழிகளிலிருந்து வந்த சொல் அது. நாணல் தண்டு உள்ளே துளையாக இருப்பதால் நீர்க்குழாய்க்கும் நீர் ஓடும் பள்ளத்துக்கும் 'கனாலிஸ்' என்று பெயர் வைத்தார்கள். அது பழைய பிரெஞ்சில் உருமாறி ஆங்கிலத்துக்குள் 'சேனல்' ஆனது. அதே லத்தீன் சொல் இன்னொரு முறை நுழைந்து 'கெனால்' ஆனது. இரண்டும் உடன்பிறப்புகள். கரும்புக்கும் கைத்தடிக்கும் சொல்லும் 'கேன்', பீரங்கிக்குச் சொல்லும் 'கேனன்' எல்லாம் இந்த நாணல் புதரில் முளைத்தவைதான்.

அப்படியானால் டிவிக்குள் இது எப்படிப் போனது? வானொலியும் தொலைக்காட்சியும் வந்தபோது, ஒன்றின் அலை இன்னொன்றில் கலந்துவிடாமல் இருக்க ஒவ்வொரு ஒளிபரப்புக்கும் அலைகளில் ஒரு பட்டையை ஒதுக்கினார்கள். பழைய ஆன்டெனாக் காலத்து இந்தியத் தொலைக்காட்சியில், வி.எச்.எப். வரிசையில் அந்தப் பட்டையின் அகலம் 7 மெகாஹெர்ட்ஸ். இரு கரைக்கு நடுவே நீர் ஓடுவதுபோல இரு எல்லைக்கு நடுவே படம் ஓடியது. அதனால் சேனல். சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975இல் தொடங்கியது. மொட்டைமாடியில் ஏறி ஆன்டெனாவைச் சென்னைப் பக்கம் திருப்பியவர்களுக்கு, கொஞ்சம் திரும்பினாலும் படம் கலைந்துவிடும் என்பது நன்றாகத் தெரியும்.

வானொலி, ஆன்டெனாக் காலத்துச் சொல்தான் 'அலைவரிசை' என்ற தமிழாக்கம். அன்றைக்கு அது மிகப் பொருத்தமான சொல். ஆனால் 2005இல் யூடியூப் வந்தபோது 'சேனல்' என்ற பெயர் மட்டும் கூடவே வந்தது, அலை வரவில்லை. நமக்கென்று அங்கே எந்தப் பட்டையும் ஒதுக்கப்படுவதில்லை. நாம் ஏற்றும் படங்கள் நம் பெயரின் கீழ் வரிசையாக நிற்கின்றன, கேட்பவருக்குக் கேட்ட நேரத்தில் போகின்றன. அதற்கு 'அலைவரிசை' என்று சொல்வது, மாட்டை விற்ற பிறகும் தொழுவத்தை மாடு என்று கூப்பிடுவது போல. மேலும் அந்தச் சொல்லுக்கு வேறு நல்ல வேலை இருக்கிறது. இரண்டு பேர் மனம் ஒத்துப்போனால் 'ஒரே அலைவரிசை' என்கிறோம். அது அங்கேயே இருக்கட்டும்.

'வலையொளி' என்று இப்போது பலர் எழுதுகிறார்கள். எழுத்தில் அழகான சொல். ஆனால் பேசிப் பாருங்கள். எங்கள் பக்கம் ளகரமும் லகரமும் பேச்சில் ஒன்றாகவே விழும். 'வலையொலி' என்று பாட்காஸ்டுக்கு ஒரு சொல் இருக்கும்போது, காதால் கேட்பவருக்கு எது படம், எது குரல் என்று எப்படித் தெரியும்? படம் எடுக்கிறவர்களின் சொல் வாயிலும் நிற்கவேண்டும்.

இன்னொரு சொல்லும் உண்டு. வலைப்பதிவுகள் செழித்த நாட்களில், புதிய பதிவுகள் தானாக வந்து சேரும் 'ஃபீட்' என்பதற்குச் 'செய்தியோடை' என்று ஒரு சொல் புழங்கியது. அதை ஆக்கியவர் யாராக இருந்தாலும் அவருக்குக் கும்பிடு. தகவல் ஓடுவதை நீரோட்டமாகப் பார்க்கும் கண் தமிழுக்கு இருக்கிறது என்று அது காட்டியது. ஆனால் ஓடை தானாக உண்டாவது. மழை பெய்தால் ஓடும், நின்றால் காயும். ஆள் வெட்டியது அல்ல.

சரி, நேராகக் 'கால்வாய்' என்றே சொல்லலாமே? அகராதிப்படி தவறில்லை. ஆனால் வேலூரில் யாரிடமாவது "என் கால்வாயைப் பாருங்கள்" என்று சொன்னால் முகம் சுளிப்பார்கள். இங்கே 'கால்வா' என்றால் தெருவோரச் சாக்கடை. நல்ல நீர் ஓடிய சொல்லில் நகரம் கழிவைத் திறந்துவிட்டுவிட்டது. அந்தச் சொல்லை மீட்டெடுக்க முடிந்தால் நல்லது, என் படத்தை வைத்து அந்தச் சோதனையைச் செய்ய எனக்குத் துணிவில்லை.

வாய்க்காலுக்கு அந்தக் கறை இல்லை. 'கால்' என்பது நடக்கும் காலுக்கும் காற்றுக்கும் மட்டுமல்ல, நீர் நடந்து போகும் வழிக்கும் பெயர். அதற்கு ஒரு வாய், அதாவது திறப்பு, வைத்தால் வாய்க்கால். பெரியது கால்வாய், அதிலிருந்து பிரிந்து வயல் வரை போய்ச் சேர்வது வாய்க்கால் என்பது விவசாயிகள் வழக்கு. மனிதர் வெட்டியது, மடை உள்ளது, அடைத்துக்கொள்ளக் கூடியது, ஆண்டுதோறும் வார வேண்டியது. சொந்தமாகப் படம் எடுத்துப் போடுகிறவரின் சேனலுக்கு இதைவிட நெருக்கமான சொல் எனக்குத் தெரியவில்லை.

பாலாற்றங்கரைக்காரன் என்பதால் இந்த இடத்தில் ஊற்றுக்காலைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. பழைய வட ஆற்காடு மாவட்டத்தில் அதிகம் இருந்த பாசன முறை அது. மழைக்காலம் முடிந்தால் பாலாறு மேலே வெறும் மணலாகத் தெரியும். மணலுக்குள் நீர் ஓடிக்கொண்டிருக்கும். ஆற்று மணலில் நீளமாகப் பள்ளம் தோண்டினால் இரு பக்க மணலிலிருந்தும் நீர் கசிந்து அதில் சேரும். இதில் ஒரு நுட்பம் உண்டு. பள்ளத்தின் சரிவை ஆற்றின் சரிவைவிடக் குறைவாக வைப்பார்கள். ஆறு வேகமாக இறங்க, பள்ளம் மெதுவாக இறங்கும். கொஞ்ச தூரம் போனதும் பள்ளத்து நீர் ஆற்றுப் படுகையின் மட்டத்துக்கு வந்துவிடும், அங்கிருந்து கரையைத் தாண்டி ஏரிக்கோ வயலுக்கோ திருப்பிவிடலாம். இயந்திரம் இல்லை, மின்சாரம் இல்லை. அடுத்த வெள்ளத்தில் மணல் மூடிவிடும். ஊரே சேர்ந்து மறுபடி வெட்டும்.

ஆழ்துளைக் கிணறுகளும் மணல் அள்ளலும் நீர்மட்டத்தைக் கீழே தள்ளியதில் பெரும்பாலான ஊற்றுக்கால்கள் போய்விட்டன. சொல்லும் போய்க்கொண்டிருக்கிறது. எங்கள் வீட்டில் அதை 'ஊத்துக்கா' என்று சொன்ன கடைசி ஆள் என் தாத்தாதான்.

மாதம் ஒரு ஞாயிறு சாயங்காலம் காட்பாடியில் ஒரு நண்பரின் மொட்டைமாடியில் எட்டு, பத்துப் பேர் கூடுவோம். ஆம்பூர், குடியாத்தம், ஆற்காடு, பேரணாம்பட்டு என்று பல ஊர்க்காரர்கள். எல்லாரும் சொந்தக் காசில், பலர் போனிலேயே படம் எடுப்பவர்கள். புதிதாக யாராவது வந்தால் இரண்டே கேள்விகள்: "உங்க சேனல் பேரு இன்னா? எதுல எடிட் பண்றீங்க?" முதல் கேள்வியை 'வாய்க்கால்' என்று மாற்றிப் பேசிப் பார்த்தோம். முதல் மாதம் நாக்கு தயங்கியது. மூன்றாவது மாதம் குடியாத்தத்துத் தம்பி ஒருவர், "ண்ணா, நம்ம வாய்க்கால்ல தறிப் படம் ஏத்திட்டேன்" என்று போனில் சொன்னபோது யாருக்கும் அது வித்தியாசமாகப் படவில்லை. 'படம் ஏத்துறது' என்பதும் தண்ணீர் ஏற்றுவதுபோலவே பொருந்திவிட்டது.

இரண்டாவது கேள்வியில் இருக்கும் 'எடிட்' பற்றியும் சொல்லவேண்டும். லத்தீனில் அதன் மூலச் சொல்லுக்கு 'வெளியே கொடு' என்று பொருள். அதாவது பதிப்பித்தல். ஆங்கிலத்தில் முதலில் 'எடிட்டர்' என்ற பெயர்தான் வந்தது, அதிலிருந்து 18ஆம் நூற்றாண்டில் 'எடிட்' என்ற வினையைப் பிரித்தெடுத்தார்கள். ஆக, அந்தச் சொல்லின் வேரில் படத்தை வெட்டி அடுக்கும் வேலையே இல்லை. தமிழில் நாம் வைத்த 'படத்தொகுப்பு' அந்த வேலையைக் கண்முன்னே காட்டுகிறது: சிதறிக் கிடப்பதிலிருந்து எடுத்து, சேர்த்து, கட்டுவது.

தொகுப்பு நமக்குப் புதிய தொழிலும் அல்ல. எட்டுத்தொகை என்ற பெயரிலேயே அது இருக்கிறது. ஐங்குறுநூற்றைத் தொகுத்தவர் கூடலூர் கிழார், தொகுப்பித்தவர் மாந்தரஞ்சேரல் இரும்பொறை. உட்கார்ந்து அடுக்கியவர் ஒருவர், செய்யச் சொன்னவர் ஒருவர். இன்றைய படத்தொகுப்பாளரும் தயாரிப்பாளரும்தான். அகப்பாடல்களை அடியளவு பார்த்துப் பிரித்திருக்கிறார்கள்: குறுந்தொகைக்கு 4 முதல் 8 அடி, நற்றிணைக்கு 9 முதல் 12, அகநானூற்றுக்கு 13 முதல் 31. மூன்று நிமிடத்துக்குள் இருந்தால் ஷார்ட்ஸ், மேலே போனால் முழுக் காணொளி என்று நாம் இன்று பிரிக்கிறோம் அல்லவா, அந்தக் கண் அவர்களுக்கு அப்போதே இருந்தது. அகநானூற்றின் வரிசை இன்னும் வியப்பு. ஒற்றைப்படை எண்ணில் வருவதெல்லாம் பாலை. 2, 8 என்று முடிந்தால் குறிஞ்சி, 4 என்றால் முல்லை, 6 என்றால் மருதம், 10, 20 என்று வந்தால் நெய்தல். ஒரு பாட்டு விட்டு ஒரு பாட்டு பிரிவின் வெயிலுக்குத் திரும்பி வந்துகொண்டே இருக்கிறோம். காட்சிகளை எந்த இடைவெளியில் மறுபடி கொண்டுவருவது என்று திரையின் முன் மண்டையை உடைக்கும் எவரும் இதை ஒருமுறை பார்க்கவேண்டும்.

எதில் தொகுக்கிறோம் என்பதற்கு விடை சுருக்கமானது. போனில் கைன்மாஸ்டரில் தொடங்காதவர் எங்களில் குறைவு. கணினிக்கு வந்தபிறகு கெடன்லைவ், அது யாரும் காசில்லாமல் எடுத்துக்கொள்ளக்கூடிய திறந்த மென்பொருள். அல்லது டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பு. அதில் 4கே என்னும் உயர்ந்த தெளிவு வரை நிறுவனத்தின் முத்திரை விழாமல் படத்தை எடுக்கலாம். பழைய மடிக்கணினி 4கே படத்தை இழுக்காது என்று ஆம்பூர் நண்பர் சோர்ந்து உட்கார்ந்தபோது, அவருக்கு 'பிராக்சி' செய்யக் கற்றுக்கொடுத்தோம். பெரிய கோப்புக்குப் பதிலாகச் சிறிய நகலை வைத்து வெட்டி ஒட்டிவிட்டு, கடைசியில் மூலத்தை வைத்து வெளியெடுப்பது. அதற்குப் 'பதிலி' என்ற சொல் போதும். அன்றிலிருந்து அவர் பதிலி என்றுதான் சொல்கிறார்.

இன்னும் தீராத சொல் 'சப்ஸ்கிரைப்'. யூடியூப்பின் தமிழில் 'குழுசேர்' என்று இருக்கிறது, ஆனால் பார்ப்பவர் எந்தக் குழுவிலும் சேர்வதில்லை. 'சந்தா' என்றால் காசு கட்டவேண்டுமோ என்று வயதானவர்கள் கேட்கிறார்கள். எங்கள் கூட்டத்தில் ஒருவர், வாய்க்கால் என்றால் அதில் பயன்பெறுபவர் 'ஆயக்கட்டுதாரர்'தானே என்றார். நான் ஏற்கவில்லை. ஆயக்கட்டுதாரருக்கு நீரில் உரிமை உண்டு, வாருவதில் கடமையும் உண்டு. ஒரு பொத்தானை அழுத்தியவர் மேல் அவ்வளவையும் ஏற்றக்கூடாது. இப்போதைக்குப் படத்தின் முடிவில் 'எங்கள் வாய்க்காலைப் பின்தொடருங்கள்' என்று போடுகிறோம். வயலுக்குத் தண்ணீர் வராத நாளில் என் தாத்தா மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வரப்போரமாக அதைத்தான் செய்வார், மடை வரைக்கும்.