"மிஸ்ஸி, அம்மா கடைசியா என்ன சொன்னவா?"

திருகோணமலைக்குப் பக்கத்தில் உள்ள கன்னியாவில் 31ஆம் நாள் அந்தியேட்டிக் கிரியையை முடித்த கையோடு ஒரு மகள் என்னைத் தேடி வாட்டுக்கு வந்தார். தலை ஈரம்கூடக் காயவில்லை. இராவணன் தன் தாய்க்குக் கடைசிக் கடன் செய்வதற்காக உண்டாக்கியவை என்று நாங்கள் சொல்லும் அந்த ஏழு வெந்நீர்க் கிணறுகளிலும் முழுகிவிட்டு வந்தவருக்கு ஒரே ஒரு கேள்விதான் மிச்சமிருந்தது. "மிஸ்ஸி, அம்மா கடைசியா என்ன சொன்னவா?" அம்மாவின் உயிர் பிரிந்த நேரம் அவர் கன்டீனில் தேத்தண்ணிக்கு நின்றிருந்தார். 31 நாளாக அதை நினைத்தே அழுதிருக்கிறார்.

திருகோணமலையில் தாதியாக நான் வேலை செய்த காலத்தில் பாதிக்கு மேல், இனிக் குணமாகாது என்று தெரிந்த நோயாளிகளோடுதான் கழிந்தது. இந்தக் கேள்வியை எத்தனையோ வீட்டார் கேட்டிருக்கிறார்கள். சாகப் போகிறவர் கண் திறந்து, எல்லோரையும் பார்த்து, நிறைவாக ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போவார் என்று நாங்கள் நம்பி வளர்ந்துவிட்டோம். படங்களில் அப்படித்தான் சாகிறார்கள். பெரிய மனிதர்களின் கடைசி வார்த்தைகள் என்று கைபேசியில் சுற்றி வருபவையும் அந்த நம்பிக்கையைத்தான் வளர்க்கின்றன.

ஜெர்மானியக் கவிஞர் கோத்தே 1832இல் இறந்தபோது "இன்னும் வெளிச்சம்!" என்றாராம். அறிவொளியைக் கேட்டார் என்று அதற்கு விளக்கம் எழுதியவர்கள் உண்டு. ஆனால் அந்த வார்த்தையைப் பதிவு செய்த அவருடைய வைத்தியரே, அது சொல்லப்பட்டபோது தான் அறையில் இல்லை என்று எழுதியிருக்கிறார். வெளிச்சம் வரட்டும், சன்னலைத் திறவுங்கள் என்றுதான் கேட்டார் என்றும் ஒரு குறிப்பு இருக்கிறது. எனக்கு அதுதான் உண்மையாகப் படுகிறது. பார்வை மங்கும்போது "லைட்டைப் போடுங்கோ" என்று கேட்காத நோயாளிகள் குறைவு. காந்தியின் "ஹே ராம்" கூட அப்படித்தான். அருகில் நின்றவர்கள் கேட்டதாகச் சொன்னார்கள். அவருடைய செயலாளர் கல்யாணம் தனக்குக் கேட்கவில்லை என்றார்.

என்னை மிகவும் வருத்துவது ஐன்ஸ்டீனின் கதை. 1955 ஏப்ரல் 18 அதிகாலை, பிரின்ஸ்டன் மருத்துவமனையில் அவர் ஜெர்மன் மொழியில் ஏதோ சொல்லிவிட்டு இறந்தார். பக்கத்தில் நின்ற இரவுத் தாதிக்கு ஜெர்மன் தெரியாது. அவ்வளவுதான், அந்தச் சொற்கள் போய்விட்டன.

அந்தத் தாதியின் இடத்தில் நானும் நின்றிருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிது. நான் வளர்ந்த ஊரில் சிங்களம் காதில் விழுந்ததே இல்லை. கந்தளாய்ப் பக்கத்து ஐயா ஒருவர் இரவு முழுக்க "மல்லி, மல்லி" என்று முனகினார். மல்லித்தண்ணி கேட்கிறார் என்று நினைத்து, "விடியத் தாறன் ஐயா" என்று தமிழில் சொல்லிக் கையைத் தடவிவிட்டேன். விடியும் முன் போய்விட்டார். காலையில் செவ்விளநீரோடு ஓடி வந்தவரை, "இவர்தான் அவருடைய மல்லி" என்று வாட்டில் காட்டினார்கள். சிங்களத்தில் மல்லி என்றால் தம்பி. அன்றிலிருந்து புரியாத சொல் கேட்டால், ஒலியை அப்படியே துண்டில் எழுதி வைப்பேன். மொழி தெரிந்த ஒருவரை அந்த இரவிலேயே கூப்பிடுவேன். மூன்று இனமும் ஒரே வாட்டில் படுக்கும் ஊரில் இது எங்கள் வேலையின் ஒரு பகுதி.

சரி, உண்மையில் என்ன நடக்கிறது? பெரும்பாலானோருக்குப் பேச்சு சில நாட்களுக்கு முன்பே குறைந்துவிடும். நாள் முழுக்க உறக்கம், வறண்ட வாய், ஒரு சொல்லுக்கே போதாத மூச்சு. ஈரலும் சிறுநீரகமும் தளரும்போது மனம் குழம்பும். "பஸ் வந்திட்டுதோ, வீட்டை போவம்" என்பார்கள். இறந்துபோன தமையனோடு கதைப்பார்கள். மறுத்துப் பேசாதீர்கள். கையைப் பிடித்து, "ஓம், நான் பக்கத்திலதான் இருக்கிறன்" என்றால் அடங்குவார்கள். ஆனால் திடீரென்று அந்தரப்பட்டால் எங்களைக் கூப்பிடுங்கள். சிறுநீர் அடைப்போ, மலச்சிக்கலோ, சொல்ல முடியாத நோவோ இருக்கலாம். அதற்கு மருந்து உண்டு.

மோர்பின் என்ற வலி மருந்தைக் கொடுத்ததால்தான் பேச்சு நின்றது என்று கோபிப்பவர்களும் இருக்கிறார்கள். அம்மா இன்னும் ஒரு வார்த்தை பேசட்டும் என்று மருந்தைக் கொடுக்காமல் ஒளித்து வைத்த வீட்டுக்கும் போயிருக்கிறேன். அந்தத் தாய் வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தா. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். வைத்தியர் சொன்ன அளவில் கொடுத்தால் மோர்பின் நோவையும் மூச்சுத் திணறலையும் தணிக்கும். பேச்சை நிறுத்துவது பெரும்பாலும் நோய்தான்.

சேடம் இழுக்கும் சத்தம், அதாவது தொண்டையில் சளி கரகரக்கும் சத்தம், கேட்டால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். விழுங்க முடியாதவரின் வாயில் தண்ணியோ பாலோ ஊற்றினால் அது நெஞ்சுக்குள் போகும். பால் வைக்கும் வழக்கத்தை விடச் சொல்லவில்லை, பஞ்சில் நனைத்து உதட்டில் தடவினால் போதும். தேவாரமோ கலிமாவோ செபமோ, காதருகே மெதுவாகச் சொல்லுங்கள். திருப்பிச் சொல்லும்படி வற்புறுத்த வேண்டாம்.

வாய் ஓய்ந்தாலும் காது ஓய்ந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020இல் வெளியிட்ட ஆய்வில், நினைவிழந்து இறந்துகொண்டிருந்த சிலருடைய மூளை ஒலிகளுக்குப் பதில் காட்டியது பதிவாகியிருக்கிறது. கேட்டது அவர்களுக்கு விளங்கியதா என்று அந்த ஆய்வு சொல்லவில்லை. ஆனாலும் காதில் விழக்கூடும் என்பதால்தான் காணித் தகராறையும் செத்தவீட்டுச் செலவையும் கட்டிலருகே கதைக்க வேண்டாம் என்கிறேன். மன்னிப்பு, நன்றி, கடன் கணக்கு, யார் கொள்ளி வைப்பது என்ற விருப்பம், இவற்றையெல்லாம் அவர் எழுந்திருந்து சோறு சாப்பிடும் நாளிலேயே கேளுங்கள். குரலையும் அப்போதே கைபேசியில் பதிந்து வையுங்கள்.

அந்த மகளிடம் நான் உண்மையைத்தான் சொன்னேன். அம்மா கடைசி இரண்டு நாளும் எதுவும் பேசவில்லை. அதற்கு முன் உங்களிடம் என்ன கேட்டவா, யோசித்துப் பாருங்கோ என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார்.

"அடுப்பை நூத்திட்டியோ எண்டு கேட்டவா. அறளை எண்டு நினைச்சன்."

"நீங்கள் என்ன சொன்னீங்கள்?"

"ஓம் அம்மா, நூத்தாச்சு, நீங்கள் படுங்கோ எண்டன்."

"அதுக்கு அம்மா?"

"படுத்திட்டா."