அனகிராம்: எழுத்துமாற்றுச் சொல்

ஒரு சொல்லின் எழுத்துகளில் எதையும் விடாமல், புதிதாக எதையும் சேர்க்காமல், இடத்தை மட்டும் மாற்றி அடுக்கினால் கிடைக்கும் வேறு சொல்லுக்கு ஆங்கிலத்தில் அனகிராம் என்று பெயர். எல், ஐ, எஸ், டி, இ, என் என்ற ஆறு எழுத்துகள் 'லிசன்' ஆகின்றன. அவையே இடம் மாறி 'சைலன்ட்', 'என்லிஸ்ட்', 'டின்சல்' என்றும் ஆகின்றன. ஒலி ஒத்துப்போக வேண்டியதில்லை, எழுத்துக்கூட்டுதான் கணக்கு. லிசனில் வாய் திறக்காத டி, சைலன்டில் கணீரென்று ஒலிக்கிறது பாருங்கள்.

கிரேக்க மொழியில் 'அனா' என்றால் மீண்டும், திரும்ப என்று பொருள். 'கிராம்மா' என்றால் எழுத்து. பிரெஞ்சு, இலத்தீன் வழியாக 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் இச்சொல் ஆங்கிலத்துக்கு வந்தது. எடை பார்க்கும் கிராமும், தந்தியைக் குறித்த டெலிகிராமும் இதே வேரில் கிளைத்தவைதான்.

இன்று பொழுதுபோக்காகத் தெரியும் இது ஒரு காலத்தில் விஞ்ஞானிகளின் பூட்டாக இருந்தது. கண்டுபிடிப்பை முழுதாக வெளியிடாமலே 'நான்தான் முதலில்' என்று பதிவு செய்துகொள்ள, எழுத்துகளைக் கலைத்து வெளியிடுவார்கள். சனிக்கோள் மூன்று உடலாகத் தெரிவதை 1610இல் கலிலியோ 37 எழுத்துகளாகக் கலைத்து அனுப்பினார். கெப்ளர் அதை விடுவிக்க முயன்று, செவ்வாய்க்கு இரண்டு நிலவுகள் உண்டு என்று தப்பாகப் படித்தார். (செவ்வாய்க்கு உண்மையிலேயே இரண்டு நிலவுகள் இருப்பது 1877இல் தெரியவந்தது வேறு கதை!) ராபர்ட் ஹூக், கம்பிச்சுருளின் விதியை 1676இல் 14 எழுத்துகளாக அகர வரிசையில் அடுக்கி வெளியிட்டு, 1678இல் விடையைச் சொன்னார்: 'நீட்சி எவ்வளவோ, விசையும் அவ்வளவே.'

ஹூக் செய்த அகர வரிசை அடுக்குதான் இன்றும் சரிபார்க்க எளிய வழி. லிசனின் எழுத்துகளை அடுக்கினால் இ, ஐ, எல், என், எஸ், டி. சைலன்டை அடுக்கினாலும் அதுவே வரும். இரண்டு வரிசையும் ஒன்றென்றால் அனகிராம், இல்லையென்றால் இல்லை. எழுத்துக் கட்டைகளை அடுக்கிச் சொல் அமைக்கும் ஸ்கிராபிள் விளையாட்டை ஆடுபவர்கள் இந்த வரிசையையே மனப்பாடம் செய்கிறார்கள். கையில் உள்ள ஏழு கட்டைகளையும் ஒரே முறையில் இறக்கினால் 50 புள்ளி கூடுதல் என்பதால் அந்த உழைப்பு வீண்போவதில்லை. புதியவர்கள் சறுக்குவது இரட்டித்த எழுத்துகளில். 'பூல்', 'லூப்', 'போலோ' மூன்றிலும் ஓ இரண்டு முறை வருகிறது, ஆகவே பொருந்தும். எந்தெந்த எழுத்து இருக்கிறது என்று மட்டும் பார்த்து, எத்தனை முறை என்று எண்ணாமல் விட்டால், ஓ ஒன்றும் எல் இரண்டுமான 'போல்' (வாக்கெடுப்பு) கூட உள்ளே நுழைந்துவிடும்.

தமிழுக்கு வரும்போது முதலில் ஒன்றைத் தீர்க்க வேண்டும்: எழுத்து என்பது எது? 'படகு', 'பகடு' (எருது) இரண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். கட்டத்தில் எழுதினால் ப-ட-கு, ப-க-டு. கு வேறு, க வேறு, ஆகவே எழுத்துகள் ஒன்றல்ல. மெய்யும் உயிருமாகப் பிரித்தாலோ இரண்டிலும் ப், ட், க், இரண்டு அ, ஒரு உ. கணினியும் இரண்டும் ஒன்றென்றே சொல்லும், ஏனென்றால் கணினி எழுத்துகளைக் குறியீடுகளாக வைத்துக்கொள்ளும் யூனிகோட் முறையில் உகரக் குறி தனிக் குறியீடு. 'விகடகவி' நம் கண்ணுக்கு ஐந்தெழுத்து, கணினிக்கு ஏழு. அதைக் குறியீடு குறியீடாகத் திருப்பினால் இகரக் குறி தனியே முன்னால் வந்து நிற்கும். புதிர் செயலி எழுதுபவர்கள் உயிர்மெய்யை ஒரே அலகாகச் சேர்த்த பிறகே கலைக்க வேண்டும்.

உயிர்மெய்யை அலகாகக் கொண்டால் தமிழில் இவ்வகைச் சொற்கள் குறைவு. 26க்குப் பதில் 247 எழுத்துகள் இருப்பது ஒரு காரணம். சொல்லின் முதலிலும் இறுதியிலும் எந்த எழுத்து வரலாம் என்ற மொழிமுதல், மொழியிறுதி விதிகள் இன்னொன்று. 'பட்டம்' என்பதை 24 விதமாக அடுக்கலாம். ட், ட, ம் மூன்றும் சொல்லுக்கு முதலில் வராதவை. ஆகவே ப-வில் தொடங்கும் 6 மட்டும் மிஞ்சும். ட்-இல் முடியும் 2 கழியும். எஞ்சிய நான்கில் மூன்று, ட்-உம் ம்-உம் ஒட்டி நின்று வாய்க்கு வராதவை. கடைசியில் பட்டமே மிச்சம்.

அப்படியும் கிடைப்பவை சுவையானவை. சதம் நூறு, தசம் பத்து. மகம் நட்சத்திரம், கமம் ஈழத்தில் வேளாண்மை. சிவாவைத் திருப்பினால் சித்தர்கள் மூச்சைக் குறிக்கும் வாசி. எல்லாவற்றிலும் பெரியது ஐந்தெழுத்து: 'நமசிவாய' தூலம் (பருவடிவம்), 'சிவாயநம' சூக்குமம் (நுண்வடிவம்) என்று சைவர்கள் இரண்டையும் வேறு மந்திரங்களாகவே கொள்வர்.

தமிழ்ப் பெயராக 'எழுத்துமாற்று' அல்லது 'எழுத்துமாற்றுச் சொல்' என்பதையே பரிந்துரைப்போம். 'மாலைமாற்று' என்று சிலர் எழுதுவது பிழை. அது முன்னிருந்தும் பின்னிருந்தும் ஒரேமாதிரி வாசிக்கப்படுவது. விகடகவியும், சம்பந்தர் பாடிய மாலைமாற்றுப் பதிகமும் அவ்வகை. 'இலக்கணப்போலி' என்பதும் சரிவராது. விசிறி சிவிறி ஆவதிலும், ஞிமிறு (வண்டு) மிஞிறு ஆவதிலும் எழுத்துகள் இடம் மாறினாலும் பொருள் மாறுவதில்லை. எழுத்துமாற்றில் வேறு சொல் பிறந்தாக வேண்டும். குறுக்கெழுத்துக் குறிப்பில் இப்பெயரைப் போடும்போது, உயிர்மெய்யைப் பிரித்தீர்களா இல்லையா என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் படகுக்கு விடை பகடு என்று எழுதியவருக்கு மதிப்பெண் மறுக்க முடியாது.