தடிக்குள் இருக்கும் தண்ணீர்

2017 நவம்பர் 30-ஆம் தேதி ஒக்கி புயல் அடித்து ஓய்ந்தபோது, எங்கள் விளையின் (தோட்டத்தின்) மேற்கு வரம்பில் நின்ற, பலா இனத்து மரமான அயனி வேரோடு சாய்ந்து கிடந்தது. குமரி மாவட்டத்தில் அந்த வாரம் எந்தப் பக்கம் திரும்பினாலும் தடிதான்; விழுந்த மரத்தை இங்கே தடி என்போம். ரப்பர் வரிசை வரிசையாக முறிந்து கிடந்தது. தடி எடுக்க வந்தவர் அயனிக்கு விறகு விலைதான் கேட்டார். கொடுக்க மனசு வரவில்லை. வீட்டுக்கு ஒரு கதவும் இரண்டு அலமாரியும் ஆகட்டும் என்று மில்லில் கொண்டுபோய் அறுத்தேன். பலகைகளை மாட்டுக்கொட்டகைச் சுவரில் சாய்த்து வைத்தேன். மாசி முடிவதற்குள் பாதிப் பலகை குழிந்து தோணியாகிவிட்டது.

தச்சுவேலை செய்யும் பாட்டா ஒருவர் வந்து பார்த்தார். ஒரு பலகையை எடுத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு அதன் ஓரத்தை நெடுக நோக்கினார். "மக்ளே, மரம் செத்துப்போச்சுன்னு நீ நெனச்சிட்ட. அதுக்க வேலை இப்பல்லா தொடங்குது" என்றார்.

அவர் சொன்னது அறிவியல்படியும் சரி. பச்சைத் தடியில் தண்ணீர் இரண்டு இடத்தில் இருக்கிறது. மரம் என்பது நீளவாக்கில் அடுக்கிய கோடிக்கணக்கான நுண்குழாய்கள். குழாய்களின் உள்ளறையில் கிடக்கும் தண்ணீர் ஒன்று. குழாயின் சுவருக்குள்ளேயே ஊறிப்போன தண்ணீர் இன்னொன்று. பானைக்குள் இருக்கும் தண்ணீரைக் கொட்டினால் பானை சின்னதாவதில்லை. பானையின் சுவரே ஈரக் களிமண்ணாக இருந்து காயும்போதுதான் சுருங்கும். மரமும் அப்படித்தான். உள்ளறைத் தண்ணீர் வற்றும்வரை எடைதான் குறையும், அளவு மாறாது. மரத்தின் ஈரம் ஏறக்குறைய 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கியபிறகு சுவர்த்தண்ணீர் வெளியேற ஆரம்பிக்கும். கோணலும் வெடிப்பும் அங்கேதான் தொடங்குகின்றன. முதல் சில வாரம் பலகை நேராக இருப்பதைப் பார்த்து ஏமாறக்கூடாது.

எல்லாப் பக்கமும் ஒரே அளவில் சுருங்கினால் ஒரு கஷ்டமும் இல்லை. பலகை கொஞ்சம் சின்னதாகும், அவ்வளவுதான். ஆனால் குழாய்ச் சுவரில் இருக்கும் செல்லுலோஸ் இழைகள் பெரும்பாலும் மரத்தின் நீளவாக்கில் ஓடுகின்றன. ஈர்க்குமாறைக் கயிறு போட்டு இறுக்கிப் பாருங்கள்: சுற்றளவு குறையும், நீளம் குறையாது. அதனால்தான் மரம் நீளத்தில் 0.1 அல்லது 0.2 சதவீதம்தான் சுருங்குகிறது. அகலத்தின் கதை வேறு. நெஞ்சிலிருந்து, அதாவது தடியின் நடுமையத்திலிருந்து, பட்டையை நோக்கிப் போகும் ஆரத்தின் திசையில் ஒரு பங்கு சுருங்கினால், மரத்தின் வளர்ச்சி வளையத்தை ஒட்டிச் சுற்றிப் போகும் திசையில் ஏறக்குறைய இரண்டு பங்கு சுருங்கும். நெஞ்சிலிருந்து பட்டைக்குச் சக்கரத்தின் ஆரக்கால்போல ஓடும் கதிர்த் திசு என்று ஒன்று இருக்கிறது. ஆரத்தின் திசையில் மரம் சுருங்கவிடாமல் அது இழுத்துப் பிடிக்கிறது. இந்த வித்தியாசத்துக்கு அது ஒரு முக்கியக் காரணம். தேக்கை எடுத்துக்கொண்டால், பச்சையிலிருந்து முழுக்கக் காயும்வரை ஆரத்தில் 2.5 சதவீதம் அளவிலும் சுற்றில் 5 சதவீதத்துக்குச் சற்று மேலும் சுருங்கும். தேக்குக்கு இவ்வளவு மதிப்பு வந்ததற்கு இந்தச் சின்ன எண்களும் காரணம்.

இப்போது என் தோணிப் பலகைகளுக்கு வருவோம். தடியின் ஓரத்தில் அறுத்த பலகை ஒன்றின் முனையைப் பாருங்கள். தேக்கில் வளையம் பளிச்சென்று தெரியும், அயனியில் அவ்வளவு தெளிவாக இருக்காது. ஆனால் நெஞ்சு எந்தப் பக்கம் இருந்தது என்று கண்டுபிடித்துவிடலாம். பட்டை ஒட்டிய முகம் வளையத்தை ஒட்டி ஓடுகிறது, அதனால் அதிகம் சுருங்குகிறது. நெஞ்சு நோக்கிய முகம் அவ்வளவு சுருங்காது. எனவே பட்டைப்பக்கம் குழியும், நெஞ்சுப்பக்கம் புடைக்கும். மரம் எந்தப் பக்கம் வளையும் என்பதில் ரகசியம் எதுவும் இல்லை. அறுப்பதற்கு முன்பே முனையைப் பார்த்துச் சொல்லிவிடலாம்.

தடியின் நடுவே, நெஞ்சை ஒட்டி இரண்டு பக்கமும் அறுத்த பலகைகளில் ஆரத்தின் திசையே பலகையின் அகலமாக அமைகிறது. இவை குறைவாகச் சுருங்கும், ஏறக்குறைய நேராகவே நிற்கும். கதவுக்கும் அலமாரிக்கும் இவைதான் வேண்டும். பெரிய தடியாக இருந்தால் நாலாகப் பிளந்து எல்லாப் பலகையையும் இப்படியே எடுக்கலாம். நம் விளையில் கிடைக்கும் ஒன்றேகால் அடி விட்டத் தடிக்கு அது வீண்செலவு. நான் இப்போது செய்வது: தடியை ஒரே திசையில் நேராக அறுத்துப்போடுவது, நெஞ்சு ஓடும் நடுப்பலகையை நெஞ்சோடு இரண்டாகப் பிளந்துவிடுவது. நெஞ்சு உள்ளே அடைபட்ட கட்டை வெடிக்காமல் இருப்பது அபூர்வம். ஓரப்பலகைகள் கூரைப் பட்டியல் சட்டத்துக்கும் கோழிக்கூட்டுக்கும் போகும்.

இரண்டாவது தடி மலைச்சரிவில் சாய்ந்து வளர்ந்த ஒரு பலா. அதை விளையிலேயே வைத்து செயின் சா-வால் அறுத்தோம். மூன்றடி தூரம் போனதும் அறுப்பு வாய் மூடி வாளைக் கவ்விக்கொண்டது. இயந்திரத்தை நிறுத்தி, பின்னால் இரண்டு மர ஆப்பு அடித்தபிறகுதான் விட்டது. அடுத்த அறுப்பில் நேர்மாறு: ஓரப்பலகை தானாகவே வெளிப்பக்கம் வில்லாக வளைந்து விரிந்தது. நிற்கும் மரத்தின் வெளிப்பகுதி நீளவாக்கில் இழுபட்டும் உட்பகுதி அமுங்கியும் இருக்கும். காற்றில் ஆடும்போது முறியாமல் இருக்க மரம் தனக்குத்தானே போட்டுக்கொண்ட முறுக்கு அது. அறுக்கும்போது அந்த முறுக்கு அவிழ்கிறது. சாய்ந்த மரத்தில், அகன்ற இலை மரங்களானால், மேல்பக்கத்தில் இழுவைக் கட்டை என்ற தனி வகையே உருவாகிறது. அறுத்த முகம் பஞ்சுபோல மயிர் நீட்டி நிற்கும், இழைப்புளிக்கு அடங்காது. ஒரே பக்கத்திலிருந்து வரிசையாகப் பலகை எடுக்காமல், ஒன்று இந்தப்பக்கம் ஒன்று அந்தப்பக்கம் என்று தடியைத் திருப்பித் திருப்பி எடுத்தால் கோணல் குறையும். புயலில் சாய்ந்த மரத்தில் இந்த இழுவிசை எங்கே ஒளிந்திருக்கிறது என்பது வெளியே தெரியாது. வேர்மண்ணோடு சாய்ந்த மரத்தை அனுபவம் இல்லாதவர் வெட்டவே போகக்கூடாது.

செயின் சா-வில் இன்னொரு நஷ்டம் தூள். ஒவ்வோர் அறுப்பும் ஏறக்குறைய 8 மி.மீ. கட்டையைத் தின்கிறது, மில்லின் பேண்ட் சா 2, 3 மி.மீ.யோடு நிறுத்திக்கொள்ளும். 38 செ.மீ. விட்டத் தடியில் 12 அறுப்பு போட்டால் முன்னதில் 10 செ.மீ. அளவுக்குத் தூளாகப் போய்விடும், தடியில் கால்பங்கு. அளவு போடும்போதும் கொஞ்சம் விட்டுப்போகிறது. தடி வியாபாரத்தில் சுற்றளவை நாலால் வகுத்து, அதை அதனாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்குவார்கள். 48 அங்குலச் சுற்றும் 10 அடி நீளமும் உள்ள தடி இந்தக் கணக்கில் சரியாக 10 கன அடி. உண்மையான உருளைக் கணக்கில் 12.7 வரும். இது 1736-ல் எட்வர்ட் ஹோப்பஸ் என்ற ஆங்கிலேயர் வெளியிட்ட அளவுப் பட்டியலின் வழி. சதுரமாக்கும்போது போகும் கழிவை முன்கூட்டியே கழித்துவிடுகிறது. ஏமாற்று இல்லைதான், ஆனாலும் விற்பவனுக்குக் கணக்குத் தெரிந்திருப்பது நல்லது.

அறுத்தாயிற்று, இனி காயவைப்பது. சுவரில் சாய்த்தது நான் செய்த பெரிய முட்டாள்தனம். பலகைகளைத் தரையிலிருந்து ஒன்றரை அடி உயர்த்தி, ஒவ்வொரு வரிசைக்கும் இடையில் ஓர் அங்குலக் கனமுள்ள காய்ந்த சட்டங்களை இரண்டடிக்கு ஒன்றாக வைத்து அடுக்க வேண்டும். சட்டங்கள் மேலிருந்து கீழ்வரை ஒரே நேர்கோட்டில் நிற்கவேண்டும். ஒன்று விலகினாலும் அந்த இடத்தில் பலகை தொய்ந்து அப்படியே காய்ந்துவிடும். உச்சியில் நாலு கல்லைப் பாரமாக வைக்கலாம். முனைகளில் பெயின்டோ மெழுகோ பூசவேண்டும். குழாய்களின் திறந்த வாய் அங்கேதான் இருக்கிறது, பக்கங்களைவிடப் பத்து மடங்கு வேகத்தில் ஈரம் போகும். முனை முதலில் சுருங்கி, நடு சுருங்க மறுத்தால் வெடிப்புதான்.

எங்கே காயவைக்கிறோம் என்பதும் உண்டு. குலசேகரம், திருவட்டாறு பக்கம் இரண்டு பருவமழையும் கொட்டும். காற்று நனைந்தே கிடக்கும். கிழக்கே ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்றாலையைச் சுழற்றும் அதே காற்று பச்சைப் பலகையின் மேல்தோலை மட்டும் உலர்த்தி, உள்ளே ஈரம் இருக்க மேலே கீறல் விழவைக்கும். அங்கே அடுக்கின் காற்றுப் பக்கத்தில் ஓலைத்தட்டி கட்டவேண்டும், குலசேகரம் பக்கம் திறந்துவிட வேண்டும். தேய்பிறையில் மரம் வெட்டு என்பார் பாட்டா. நான் பிறையைப் பார்ப்பதில்லை, மாதத்தைப் பார்ப்பேன். மார்கழி கழிந்து அறுத்தால் பங்குனி வரை உலர்ந்த நாட்கள் கிடைக்கும்.

காய்ந்ததா என்று அறிய நகைத்தராசு போதும். பலகையின் முனையிலிருந்து ஒரு சாண் உள்ளே தள்ளி ஒரு துண்டு வெட்டி எடை போட்டு, 103 டிகிரி சூட்டில் எடை குறைவது நிற்கும்வரை ஓவன் அடுப்பில் உலர்த்தி மறுபடி எடை போடவேண்டும். 84 கிராம் 50 ஆகிவிட்டால், போன 34-ஐ 50-ஆல் வகுக்க 68 சதவீத ஈரம். காய்ந்த எடையால் வகுப்பதால், பச்சை மரத்தில் 100-ஐத் தாண்டிய எண் வந்தாலும் பயப்படவேண்டாம்.

ரப்பர்த் தடிக்கு இந்தப் பொறுமையெல்லாம் செல்லாது. அதில் வைரம் (நடுவில் உருவாகும் கெட்டிக் கட்டை) பாய்வதில்லை. வெள்ளையில், அதாவது வைரம் பாயாத வெளிர்க் கட்டையில், மாவுச்சத்து நிறைந்திருப்பதால், வெட்டிய சில நாட்களில் நீலக்கறைப் பூஞ்சையும் தூளாக்கும் வண்டும் வந்துவிடும். உடனே அறுத்து, போராக்ஸும் போரிக் அமிலமும் கலந்த கரைசலில் ஊறவைக்கவேண்டும். அயனி, பலாவின் மஞ்சள் வைரம் தனக்குள்ளேயே கசப்பான ரசாயனங்களைச் சேர்த்துவைத்திருக்கிறது. தக்கலையை அடுத்த பத்மநாபபுரம் அரண்மனையில் செதுக்கிய பலாத்தூண் இன்னும் நிற்பது அந்தப் பலத்தில்தான். தென்னைக்கு எல்லாமே தலைகீழ்: கடினம் வெளியே, சோறு உள்ளே. புறத்தே வைரம் உள்ளதைப் புல் என்றும் அகத்தே உள்ளதை மரம் என்றும் தொல்காப்பியம் பிரித்தது அறுத்துப் பார்த்தவனுக்கு உடனே புரியும்.

பாட்டா கடைசியில் கதவு செய்து கொடுத்தார். நடுப்பலகையைச் சட்டத்தில் வெட்டிய பள்ளமான காடிக்குள் செருகினார், பசை போடவில்லை, ஆணியும் அடிக்கவில்லை. காற்றின் ஈரப்பதம் 65 சதவீதமாக இருக்கும்போது மரம் 12 சதவீத ஈரத்தில் நிற்கும், 80 ஆனால் 16-ஐத் தொடும். பலகை ஆண்டுதோறும் அகன்று குறுகியாக வேண்டும். அதற்கு விட்ட இடம் அது. கதவை மாட்டியபிறகு மழைக்காலத்தில் வார்னிஷ் அடித்தேன். இப்போது ஒவ்வொரு மாசியிலும் பலகையின் ஓரத்தில் வார்னிஷ் படாத வெளிர்மஞ்சள் கோடு ஒன்று நூல் கனத்துக்கு எட்டிப்பார்க்கிறது. ஐப்பசியில் காடிக்குள் போய்விடுகிறது.