"நாங்கள் அவர்களிடம் வாங்குவதே இல்லை"

போன வாரம் இன்னொரு நிறுவனம். எரிபொருள் செலவில் எங்கே அடி விழலாம் என்று பார்த்துச் சொல்வது என் வேலை, அதற்காகத்தான் கூப்பிட்டிருந்தார்கள். பாரசீக வளைகுடா எண்ணெய் கடலுக்கு வெளியேறும் குறுகிய வழியான ஹோர்முஸ் நீரிணையில் கப்பல் போக்குவரத்து நின்றால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். "சார், எங்கள் எண்ணெய் வளைகுடாவிலிருந்து வருவதே இல்லை" என்று சிரித்தார் நிதி மேலாளர். இந்தப் பதிலை எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று எண்ணுவதையே விட்டுவிட்டேன்.

சரி, பொறுமையாகவே சொல்கிறேன். கச்சா எண்ணெய்க்கு உலகம் முழுக்க ஒரே சந்தை. தரத்துக்கும் கப்பல் வாடகைக்கும் ஏற்ப விலையில் வித்தியாசம் இருக்கும், ஆனால் ஏறும்போது எல்லாம் சேர்ந்தே ஏறும். 1973 அக்டோபரில், இஸ்ரேலை ஆதரித்த அமெரிக்காவுக்கும் நெதர்லாந்துக்கும் அரபு நாடுகள் எண்ணெய் தர மறுத்தன. கப்பல்கள் திசை மாறின, பற்றாக்குறை எல்லோருக்குமாகப் பங்கு பிரிந்தது, சுமார் 3 டாலராக இருந்த பீப்பாய் சில மாதங்களில் 12 டாலரை நெருங்கியபோது பகை நாடு, நட்பு நாடு என்று யாருக்கும் தனி விலை இருக்கவில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2022 டிசம்பரில் கடல்வழி வரும் ரஷ்யக் கச்சா எண்ணெயை நிறுத்தியதும் அந்தச் சரக்கு இந்தியாவுக்கும் சீனாவுக்கும் போனது. தள்ளுபடியில் ரஷ்யா கொஞ்சம் இழந்தது உண்மைதான், ஆனால் ஏற்றுமதி நிற்கவில்லை.

சொந்த எண்ணெய் இருந்தால் தப்பிக்கலாமா? கச்சா எண்ணெயையும் பெட்ரோல், டீசல் போன்றவற்றையும் சேர்த்துப் பார்த்தால், அமெரிக்கா 2020-லேயே வாங்குவதைவிட அதிகம் விற்கும் நாடாகிவிட்டது. 2022 ஜூனில் அங்கே பெட்ரோல் கேலனுக்கு 5 டாலரைத் தாண்டியது.

அப்புறம் சித்தாந்தம், அதாவது எதிரியிடம் எண்ணெய் வாங்கக் கூடாது என்ற வாதம். எண்ணெய்ப் பணம் ஆயுதமாகிறது என்பதை நான் மறுக்கவே இல்லை. ஆனால் வாங்குபவரின் கொள்கை அதைத் தடுக்கும் என்று நம்புகிறவர்கள் சிரியாவைப் பார்க்க வேண்டும்: ஐஎஸ் அமைப்பு விற்ற எண்ணெயை வாங்கியவர்களில் அதோடு போரிட்டுக்கொண்டிருந்த சிரிய அரசும் இருந்தது. இதற்கு இடைத்தரகராக இருந்ததாக ஒருவர் மீது அமெரிக்க நிதித்துறை 2015-இல் தடையே விதித்தது. யாரிடம் வாங்குகிறோம் என்பதைவிட எவ்வளவு எரிக்கிறோம் என்பதுதான் அந்தப் பணத்தைத் தீர்மானிக்கிறது.

அந்த மேலாளரின் கொள்முதல் ஒப்பந்தத்தைப் பிரித்துப் பார்த்தேன். விலை, உலகச் சந்தையில் அளவுகோலாக வைக்கப்படும் பிரென்ட் கச்சா எண்ணெயின் மாதச் சராசரி விலையோடு கட்டப்பட்டிருந்தது. ஹோர்முஸில் ஒரு கப்பல் தீப்பிடித்தால் அவர் பில்லில் தெரியும்! ஆள் சிரிப்பை நிறுத்திவிட்டார்.

ஆகவே இன்றே உங்கள் ஒப்பந்தத்தை எடுத்து விலைச் சூத்திரத்தைப் படியுங்கள், சட்டப் பிரிவு படித்திருக்கும் என்று விடாதீர்கள். எண்ணெய் விலை ஏறினால் அந்தச் செலவில் வாடிக்கையாளரும் பங்கெடுக்கும் விதியை அவர்களோடு போடும் ஒப்பந்தத்தில் சேர்த்துவிடுங்கள். சர்வதேச எரிசக்தி முகமையின் உறுப்பு நாடுகள் 90 நாள் நிகர இறக்குமதிக்கு ஈடாகக் கையிருப்பு வைக்க வேண்டும் என்பது விதி, அதை உங்கள் கையிருப்பாக நினைத்துக்கொள்ள வேண்டாம். எந்த வண்டி வெறுமனே ஓடுகிறது, எந்தக் கொதிகலன் தேவைக்கு மேல் எரிகிறது என்று ஒரு வாரம் உட்கார்ந்து கணக்கெடுங்கள். போர்ச் செய்தி வந்த இரவில் கேனைத் தூக்கிக்கொண்டு ஓடுவதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள், வீட்டுக்குள் பெட்ரோல் வைப்பது எந்தப் போரையும்விட அருகில் இருக்கும் ஆபத்து.